வான் பாய, வீரன் பறந்த கதை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் குளத்துத் தண்ணீரைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

வவுனியாவில் படிக்கும் என் பேத்தி போன வருடம் ஒரு சித்திரக்கதை வரைந்தாள். எங்கள் குளம் பெருகிய நாளைப் பற்றி நான் சொன்னதைத்தான், அவளுடைய கொழும்புச் சிநேகிதி ஒருத்தி கதையாக எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் பறக்கிற வீரன் ஒருவன் வருகிறான். முதுகில் சிவப்புத் துணி.

"வான் பாயுது" என்று ஊர்ச்சனம் கத்துகிறது. உடனே அவன் ஆகாயத்துக்குப் பறந்துபோய், நாலு பக்கத்துக்கு மேகத்தோடு சண்டை பிடிக்கிறான்.

குளம் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடத்தைத்தான் நாங்கள் வான் என்போம். தண்ணீர் கீழே ஓட, அந்த மடையன் மேலே போகிறான்.

"பிள்ளை, உவன் எங்க போறான்?"

"கதை எழுதினவளுக்கு வானெண்டால் வானம்தானே, அம்மம்மா."

"இந்தக் குளத்துத் தண்ணியில வளந்த உனக்குமோ?"

"எனக்குத் தெரியும். அவள் எழுதினபடி படம் கீறினனான்."

அதையும் பொறுத்திருப்பேன். கடைசிப் பக்கத்தில் கூரையில் இருந்து அழுகிற கிழவியை வீரன் தூக்கிப் போகிறான். அந்தக் கிழவி நானாம். குளக்கட்டில் கசிவைக் கண்டவள் நான். ஆட்களைக் கூப்பிட்டு, உரப்பைகளில் மண் நிரப்பி, விடியும்வரை நின்று அடைத்தவள் நான்.

"நாளைக்கு உன்ர பிள்ளையள் உதைப் பாத்துப்போட்டு, நான் அழுதனான் எண்டெல்லோ நினைக்கப்போயினம்," என்றேன்.

இந்த வருடம் இரண்டாவது புத்தகம் கொண்டுவந்தாள். கதையும் அவளே எழுதியது. வீரன் நேரே குளக்கட்டில் வந்து இறங்கி, "எங்கையணை கசியுது, ஆச்சி?" என்று கேட்கிறான். "உந்தச் சிவப்புத் துணியைக் கழட்டு, மண் கட்ட வேணும்," என்கிறாள் கிழவி. கழற்றிக் கொடுக்கிறான். முந்தினதை விட இது எவ்வளவோ திறம்.

ஆனால் கிழவியின் காலில் செருப்பு. அந்தச் சேற்றில் யார் செருப்போடு நிற்பார்கள்? கேட்டால், "வடிவுக்குத்தான், அம்மம்மா" என்கிறாள்.

இனி யாரும் பிழையாகக் கீறக்கூடாது என்றுதான் நான்கு நாளாக இருந்து இதை எழுதினேன்.

"இந்தா பிள்ளை, சத்தமா வாசி. வடிவுக்கெண்டு ஒண்டும் சேர்க்காதை."