கதவு வைத்த இருக்கையும் கதவில்லாத இருக்கையும்: கள்ளக்குறிச்சியிலிருந்து டொராண்டோ வரை

சென்ற மே மாதம், கல்லூரி விடுமுறையில், என் தம்பி டேனியலின் திருமணத்துக்காக டொராண்டோ போய் வந்தேன். அவனுக்கு நாற்பத்துமூன்று வயது. இனிமேல் செய்துகொள்ள மாட்டான் என்று நாங்கள் பேச்சையே விட்டுவிட்ட பிறகு வந்த கல்யாணம். வேலைக்காகப் பறந்து பறந்து சேர்த்த மைல் புள்ளிகளில் அக்காமார் இருவருக்கும் பிசினஸ் வகுப்பில் டிக்கெட் எடுத்தான். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேருக்கும் போக வர இரண்டுக்கும் புள்ளிகள் போதவில்லை. எனக்கு ஐரோப்பா வழியாகப் போகும் விமானம்; என் தங்கை எஸ்தருக்கு வளைகுடா வழியாக. திரும்பும்போது இருவருக்கும் வளைகுடா விமானம். ஆகவே இரண்டையும் அனுபவித்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவார். மூத்தவள் நான். ஆனால் என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. கிறிஸ்தவக் குடும்பம்தான், வேதத்தில் இதற்கெல்லாம் தடையில்லைதான்; இருந்தும் முடிச்சு யார் போடுவது என்று வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. டிக்கெட்டுகள் வந்ததும் இணையத்தில் தேடினேன். எஸ்தருடைய விமானம்தான் உசத்தி என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். கேட்க முடியாத கேள்விக்குத் தம்பி இப்படிப் பதில் சொல்கிறான், முடிச்சு அவளுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். வாடகைக் கார் ஆறாயிரம் ரூபாய், சுங்கம் தனி. ஓட்டுநர் சேகருக்கு ஊர் தியாகதுருகம். முந்தைய நாள் எஸ்தரைக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

"மேடம், பிளேன்ல படுத்துக்கினே போலாமாமே? எஸ்தரக்கா சொல்லிக்கினே வந்தாங்க."

"ஆமாம், என்னுதுலயும் படுக்கலாம்."

"அவங்களுதுல கதவுகூட கீதாமே. உங்களுதுல?"

"இல்ல."

"அப்ப கம்மிதான்" என்றார், மிகவும் வருத்தத்தோடு.

என் விமானத்தில் இருக்கைகள் இரண்டிரண்டாக மூன்று வரிசை. எனக்கு ஜன்னலோரம். இருக்கை முழுவதும் நீண்டு கட்டிலாகிறது, மெத்தை விரிப்பும் நல்ல கம்பளியும் தருகிறார்கள், சாப்பாடு பீங்கான் தட்டில் வருகிறது. குறை என்னவென்றால், பக்கத்தில் இருப்பவர் படுத்துவிட்டால் அவரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். என் பக்கத்தில் ஆறடிக்கு மேல் ஒரு பெரியவர், சென்னையில் கிளம்பியதுமே படுத்துவிட்டார். பத்து மணி நேரப் பயணத்தில் நாலு மணி நேரம் கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு, கடைசியில் புடவையைத் தூக்கிப் பிடித்து அவர் கால்களைத் தாண்டினேன். பொருளாதாரத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவள் செய்யும் காரியமா என்று தோன்றியது. அவர் விழிக்கவே இல்லை.

ஐரோப்பாவில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்தால் எஸ்தரின் குரல் செய்திகள். "அக்கா, நெஜமாவே கதவு கீதுக்கா! சாத்திக்கினா நம்ம வூட்டு ரூம்ல கீற மாரியே கீது. நைட்டு போட்டுக்க டிரெஸ்ஸு, செருப்பு, எல்லாம் குடுத்தாங்க. நெனச்சப்போ சோறு. உன்னுதுல இன்னா குடுத்தாங்க?" கூடவே முப்பது புகைப்படங்கள். அவள் எதையும் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொல்லும் பழக்கம் உள்ளவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருமணம் சனிக்கிழமை, ஒரு தமிழ்ச் சபையில். டேனியல் முதல் முடிச்சைப் போட்டதும் போதகர், "மாப்பிள்ளையின் சகோதரி வரலாம்" என்றார். எஸ்தர் எழுந்தாள். என் கால்களும் எழப் பார்த்தன; கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டாவது முடிச்சைப் போட்டாள். பிறகு திரும்பி, சபை முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, இன்னா குந்திக்கினு கீற? வா, மூணாவது உன்னுது" என்றாள். போனேன். போட்டேன். பெண்ணின் கழுத்து சில்லென்று இருந்தது. டேனியல் என்னைப் பார்த்துச் சிரித்தான். என்ன மாதிரியான சிரிப்பு என்று தெரியவில்லை.

திரும்பும் பயணத்தில் எங்களுக்கு நடுவரிசையில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள். கதவு இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனி வழி, யாரையும் தாண்ட வேண்டாம். இரவு உடை மெத்தென்று இருந்தது. கேட்ட நேரத்தில் சாப்பாடு வந்தது. டொராண்டோவிலிருந்து பன்னிரண்டரை மணி நேரம் குறை தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. எஸ்தர் கொஞ்சம்கூட ஜாஸ்தியாகச் சொல்லியிருக்கவில்லை.

இரு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அதை இறக்கிக் கேட்டேன். "மூணாவது முடிச்சு எனக்குன்னு டேனியல் சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான்? பொண்ணு வூட்டாளுங்க இன்னா சொல்வாங்களோன்னு பயந்துக்கினு கீறான். நீயே போட்டுடுன்னான். நான்தான் உன்ன கூப்ட்டேன்." வாயில் சாக்லேட்டோடு சொன்னாள். "டிக்கெட்டாவது சரியா போட்டானான்னு பாரு. எது எங்க காலியா கெடச்சதோ அத போட்டானாம்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். "தூங்கு" என்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிசினஸ் வகுப்பு என்ற பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். அதே விலையில் ஒன்றில் கதவு இருக்கும், இன்னொன்றில் அயலாரின் கால் இருக்கும். முன்பதிவின்போதே இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். இரண்டிரண்டாக இருந்தால் நடைபாதை ஓரம் கேளுங்கள். சைவச் சாப்பாட்டை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே வீட்டிலிருந்து இருவர் போவதானால் ஒரே விமானத்தில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியெல்லாம் கணக்குப் பார்க்கத் தோன்றும். நடுவரிசை ஜோடி இருக்கைகளில் தடுப்பை ஏற்றும் பொத்தான் சத்தமே போடுவதில்லை. பக்கத்தில் தூங்குபவருக்குத் தெரியாது.

அன்று அவள் தூங்கியதும் அந்தப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு முடிச்சையும் அவளே போட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது இருந்திருப்பேன். ஒன்றைக் கொடுத்துவிட்டாள், இனி அதற்கும் வழியில்லை.