வராமல் இருக்க முன்பணம்

எங்கள் குலேலே சந்தில் ஒருவருடைய வயது இன்னொருவருக்குச் சரியாகத் தெரியாது. சம்பளம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். விறகு சுமக்கும் கழுதைக்கு நடை ஒன்றுக்கு எத்தனை பிர், அதில் கழுதையின் வயிற்றுக்குப் போவது எவ்வளவு என்பதுவரை சொல்வார்கள். அப்படிப்பட்ட சந்தில் மாதம் நாலாயிரத்து எண்ணூறு பிர் வாங்கிக்கொண்டு பதினோரு வருடம் நிம்மதியாக இருந்தவர் எஷெத்து. லேசான காரியமில்லை.

வட்டார அலுவலகத்தில் பிறப்புச் சான்று எழுதித் தரும் வேலை. வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. வழியில் யாராவது காப்பிக்குக் கூப்பிட்டுவிட்டால் ஒன்றரை மணி நேரம். காப்பி மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்து போகிறவனை இங்கே யாரும் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை. எஷெத்து மூன்று சுற்றும் இருப்பார். மதியம் வீட்டுக்கு வந்து இஞ்ஜெரா ரொட்டியும் ஷிரோக் குழம்பும் சாப்பிட்டு, மனைவி ஷிதாயேயோடு ஒரு சண்டை போட்டு, அது சமாதானம் ஆனபிறகுதான் அலுவலகம் திரும்புவார். அவர் எழுதிய சான்றுகளின்படி பார்த்தால் எங்கள் வட்டாரத்துக் குழந்தைகளில் பாதிப்பேர் பிறந்து மூன்று நாள் கழித்துத்தான் பிறந்திருக்கிறார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

குறை சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. மாமியார் ஃபந்தாயே. அவருக்கு இரண்டு பெண்கள், ஆகவே இரண்டு மாப்பிள்ளைகள், ஆகவே கையில் எப்போதும் ஒரு தராசு. மூத்த மாப்பிள்ளை பணக்காரர்கள் இருக்கும் போலே பகுதியில் ஒரு வங்கியில் பதினைந்தாயிரம் வாங்குகிறார். எங்கள் வழக்கப்படி மாமியார் மாப்பிள்ளையை மரியாதையாகத்தான் பேசவேண்டும். ஃபந்தாயே அந்த மரியாதையிலேயே ஊசி செருகுவார். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். தகரம் எதையும் மறைத்து வைக்காது.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. ஷிரோ நல்லாத்தான் இருக்கு. போலேல இதையே கறி போட்டு வைக்கிறாங்க. எனக்கு எதுக்கு அதெல்லாம், பல்லா இருக்கு."

"போன வாரம்தானேம்மா அங்க எலும்பு கடிச்சே?" என்பாள் ஷிதாயே.

"போலே எலும்பு மெதுவா இருக்கும்டீ. இந்த ஊர்ல வருஷத்துக்குப் பதிமூணு மாசம், சம்பளம் என்னவோ பன்னெண்டுதான். அந்தப் பதிமூணாவது மாசத்து அஞ்சு நாளும் அவங்க வீட்டு வாசல்ல ஒரு ஆடு கட்டியிருக்கு. நம்ம வீட்டு வாசல்ல வெறும் கயிறு கட்டியிருக்கு."

எஷெத்து சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். சாப்பாடு புரையேறாமல் இருக்க அதுதான் வழி.

ஃபந்தாயேவுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருந்தது. எங்கள் சந்தில் இதிர் என்கிற சாவுச் சங்கம் உண்டு. மாதாமாதம் ஒரு தொகை கட்டவேண்டும். யார் வீட்டில் சாவு என்றாலும் கூடாரம், பெஞ்சு, அண்டா எல்லாம் சங்கம் தரும். அதோடு, வீட்டுக்கு ஓர் ஆண் அடக்கத்துக்கு வந்தே ஆகவேண்டும். அடக்கம் முடிந்து கூடாரத்தில் உட்கார்ந்ததும் தலைவர் அயல்நே புத்தகத்தைத் திறந்து பேர் கூப்பிடுவார். "அபேத்" என்று பதில் வராவிட்டால் ஐம்பது பிர் அபராதம். ஃபந்தாயே நாற்பது வருடத்தில் ஒரு சாவைத் தவறவிட்டதில்லை. மற்றவர்கள் வங்கியில் பணம் போட்டுவைத்தார்கள். அவர் சந்து முழுக்கக் கண்ணீர் போட்டுவைத்திருந்தார்.

"முன்னூத்திப் பத்தொம்பது சாவுக்கு அழுதிருக்கேன். வட்டி வேணாம். நான் போற அன்னைக்கு அசல் வந்தாப் போதும்" என்பார். பெண்ணுக்கு நகை சேர்க்கிற தாய் மாதிரி அவர் தன் அடக்கத்துக்குக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் காலிட்டி சோப்பு ஆலையில் கிடங்குப் பொறுப்பாளர் வேலை வந்தது. பதினாலாயிரம் பிர். எஷெத்துவுக்கு மனமில்லை. ஃபந்தாயே இரண்டு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மூன்றாம் நாள் எஷெத்து கையெழுத்துப் போட்டார். மாமியார் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

நகரத்தின் வடக்கு மூலை குலேலே, தெற்கு மூலை காலிட்டி. எஷெத்து கோழி கூவுமுன் கிளம்பவேண்டும், இரண்டு மினிபஸ் மாறவேண்டும். அந்த வரிசை எப்படிப்பட்டது என்றால், வரிசையில் போய் நிற்கும்போது முகம் மழித்திருந்தார், ஏறும்போது தாடி இருந்தது. உடம்பெல்லாம் எலுமிச்சை சோப்பு வாசனை. மழையில் நடந்து வந்தால் தோளில் நுரை கட்டும். என் கண்ணால் பார்த்தேன். நான் பொய் சொன்னாலும் குறைத்துத்தான் சொல்வேன்.

வீட்டில் கறி வந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி தவணையில் வந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா வந்தது. அதில் எஷெத்து ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இஞ்ஜெராவில் வைத்த கை அப்படியே இருக்கத் தூங்கிப்போவார். ஷிதாயே என்னிடம் வந்து, "அக்கா, பதினாலாயிரம் வீட்டுக்கு வருது, ஆள் வரல. முன்னாடியாவது மத்தியானம் சண்டை போட ஒரு ஆள் இருந்துச்சு" என்றாள். மாமியாருக்கு அந்தக் குறை இல்லை. சோபாவில் உட்கார்ந்து உறை சரசரக்க, "போலே சோபா இதைவிடக் கொஞ்சம் சின்னதுதான்" என்றார்.

அந்த வருடம் சந்தில் வரிசையாகச் சாவு விழுந்தது. முதல் சாவுக்கு எஷெத்து வரவில்லை, ஐம்பது. இரண்டாவதுக்கும் வரவில்லை, ஐம்பது. ஏழாவது ஆனபோது அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, சாவுக்காக அல்ல, ஒவ்வொரு தடவையும் அயல்நே வசூலுக்கு வாசலில் வந்து நிற்பதற்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பெரியவர்களுக்கான மரியாதையோடு 'காஷே' என்று கூப்பிட்டுத் தெருவில் மடக்கி ஐந்நூறு பிரைக் கையில் வைத்தார்.

"காஷே, இது வரப்போற பத்து சாவுக்கு. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்."

அயல்நே பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவர். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அபராதம் கட்டவேண்டும் என்றுதான் இருந்தது. செத்தபிறகுதான் கட்டவேண்டும் என்று எங்கும் இல்லை. 'எதிர்காலச் சாவுகள் பத்துக்கு' என்று எழுதி ரசீது கொடுத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் சந்துக்கே தெரிந்துபோயிற்று. அந்தப் பத்துப் பேர் யார் என்று வீட்டுக்கு வீடு விரல் மடக்கினார்கள். தலைவலி இருந்தவர்கள் மறைத்தார்கள். ஆறு வருடமாக இருமிக்கொண்டிருக்கும் வுபிஷெத் கம்பை ஊன்றிக்கொண்டு எஷெத்து வீட்டு வாசலுக்கே வந்து, வயதான அம்மாக்களைக் கூப்பிடுகிற மாதிரி ஃபந்தாயேவை 'எமாமா' என்று கூப்பிட்டார்.

"எமாமா, மாப்பிள்ளை இருக்காரா?"

"தூங்கறார்" என்றார் ஃபந்தாயே.

"எழுப்ப வேணாம். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பத்துல நான் எத்தனாவது?"

"என்ன பேச்சு இது. பொதுவாக் கட்டினது அது."

"பொதுவான்னா இருமறவன்தானே முதல்ல." இருமினார். "போன பண்டிகைக்கு ஒரு ஆடு வாங்கினேன், நாலாயிரம். எனக்கு அம்பதுன்னு முடிச்சிட்டார். பரவால்ல, சொல்லிடுங்க. ரசீது தொலையாமப் பாத்துக்கட்டும்."

ஃபந்தாயே சிரித்து அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரைதான் நின்றது. அன்று கோயில் முடிந்ததும் அயல்நே வீட்டு வாசலில் ஒரு வரிசை. ஆளுக்கு ஐம்பது பிர். மறுநாள் அயல்நே புத்தகத்தோடு ஃபந்தாயே வீட்டுக்கு வந்தார். ஃபந்தாயே சளி பிடித்துச் சோபாவில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எமாமா, விதிப்படி உங்ககிட்ட தெரிவிக்கணும். உங்க அடக்கத்துக்கு நாப்பத்தி மூணு பேர் வரல."

"என்னைக்கு?"

"என்னைக்கு நடந்தாலும்."

ஃபந்தாயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சந்துல மொத்தம் எத்தனை வீடு?"

"நாப்பத்தி ஆறு. ஒண்ணு இது. ஒண்ணு என் வீடு, பேர் கூப்பிட ஆள் வேணுமே."

"இன்னொண்ணு?"

"வுபிஷெத். அவர் கட்டல. உங்களுக்கு முன்னாடி போயிடுவாராம், வீண் செலவு எதுக்குன்னு கேட்டார்."

என் வீடு அந்த நாற்பத்து மூன்றில் உண்டா என்று கேட்காதீர்கள். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று எஷெத்து வந்து செருப்பைக் கழற்றுமுன் மாமியாரின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, அந்த வேலைய விட்டுடுங்க."

"நீங்கதானேம்மா போகச் சொன்னீங்க."

"சொன்னேன். பெரியவங்க சொல்றதெல்லாத்தையுமா கேக்கறது?"

"பதினாலாயிரம்மா. அடுத்த வருஷம் பதினேழு ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"பதினேழாயிரம் வந்து என் பெட்டியைத் தூக்குமா? நாப்பது வருஷம் உழைச்ச சொத்து, ஒரே ஐநூறுல அழிச்சிட்டீங்க."

"பெரிய மாப்பிள்ளை போலேலேருந்து ஆளோட வருவாரே."

"அவரு மாலை அனுப்புவாரு. மாலைக்குத் தோள் உண்டா?"

எஷெத்து யோசிக்கிறேன் என்றார். யோசிக்க அவருக்கு வாய்த்த இடம் மினிபஸ் வரிசை ஒன்றுதான். தவணை பாக்கி இருந்தது. பதினோரு வருடம் குத்து வாங்கியபின் இப்போதுதான் தராசு சமமாக வந்திருந்தது. இறங்கினால் மறுபடி கயிறு கட்டிய வாசல்தான். நாலைந்து வாரம் யோசித்தார்.

சேனே மாதத்தில் கொட்டுகிற மழைநாள். ஆலையில் வருடக் கணக்கு முடிப்பு. அன்று வராதவர் மறுநாளும் வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். எஷெத்து விடியலில் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது சங்கத்தின் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியோடு சந்தில் நுழைந்தார். வுபிஷெத் போய்விட்டார்.

எஷெத்து ஒரு கால் கட்டியபடி, ஒரு கால் கட்டாதபடி வாசலில் நின்றார். ஃபந்தாயே சாவுக்குப் போகத் தலைத்துணியை எடுத்துக்கொண்டார். ஷிதாயேதான் கேட்டாள்: "எந்த வண்டி?"

"இன்னைக்கு வண்டி இல்ல" என்றார். சட்டைப்பையில் ரசீது இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கூடாரம் கட்டப் போனார். மழையில் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினவர் அவர்தான். நடக்க நடக்கத் தோளில் நுரை பொங்கிற்று. வுபிஷெத் அவ்வளவு சுத்தமாக வாழ்நாளில் எங்கும் போனதில்லை.

அடக்கம் முடிந்து கூடாரத்தில் எல்லோரும் அவித்த கோதுமை மென்றுகொண்டிருந்தபோது அயல்நே பேர் கூப்பிட்டார்.

"எஷெத்து."

"அபேத்."

அயல்நே நிமிர்ந்து பார்த்தார், குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். "நீங்க வரலியே."

"இங்கதானே இருக்கேன், காஷே."

"புத்தகத்துல இல்ல. பத்துல முதல் சாவு, அம்பது பிர், பெற்றுக்கொண்டேன். கையெழுத்து என்னுது."

"அப்ப பெட்டியைத் தூக்கினது யாரு?" என்றது ஒரு குரல்.

"வெளியாள் உதவின்னு எழுதிக்கலாம்" என்றார் அயல்நே.

"அப்ப வெளியாளுக்குக் கூலி குடுக்கணும்" என்றது இன்னொரு குரல்.

ஒரு மணி நேரம் வாதம். வந்தவர் வந்தவரா வராதவரா என்று மூன்று சுற்றுக் காப்பி போயிற்று. செத்தவரின் மகன், "எங்கப்பாவ அடக்கம் பண்ணினது செல்லுமா, செல்லாதா?" என்று கவலையோடு கேட்டான். கடைசியில் அயல்நே எழுந்து நின்று புது விதி எழுதினார்: வராமல் இருக்கப் பணம் கட்டியவர் வந்துவிட்டால் பணம் திரும்பக் கொடுக்கப்படும். கூடாரத்திலேயே ஐம்பது பிரை எண்ணி எஷெத்துவின் கையில் வைத்தார்.

நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்கள் மெல்லத் திரும்பிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஃபந்தாயேவைப் பார்த்தார்கள். அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். அவரும் மனக்கணக்கு முடித்திருந்தார்.

சோப்பு ஆலை சொன்னபடியே செய்தது. எஷெத்து பழைய அலுவலகத்துக்குப் போனார். பிறப்பு மேசையில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டதால் இறப்பு மேசை கிடைத்தது. நாலாயிரத்து அறுநூறு பிர், அதே ஏழு நிமிடம். தொலைக்காட்சியைத் தவணைக்காரர்கள் தூக்கிப்போனார்கள். மதியச் சண்டை மறுபடி தகரத்தைத் தாண்டி வர ஆரம்பித்தது. முதல் நாள் அதைக் கேட்க நான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபந்தாயே மட்டும் தராசைக் கீழே வைக்கவில்லை. "போலே சம்பந்தி போனா வர்றவங்க கைக்காசு போட்டு வரணும். என் அடக்கத்துக்கு வந்தா ஆளுக்கு அம்பது வரவு. குலேலேல வேற யாருக்கு இருக்கு இந்த மதிப்பு?" என்றார். பொய்யில்லை. பண்டிகை நெருங்கினால், பள்ளிக் கட்டணம் வந்தால், சந்துக்காரர்கள் காலையில் அந்த வாசல் பக்கம் நின்று நிதானமாக நடப்பார்கள்.

"எமாமா, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? உடம்பு எப்படி இருக்கு?"

ஃபந்தாயே வாசலில் வெயில் காய்ந்தபடி ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்ப்பார்.

"இன்னைக்கு இல்ல. போங்க, போய் வேலையப் பாருங்க."