ட்ரெவர் பெயரில் வந்த கேஸ் பில்

லொரைன் ஹாஸ்லம் எங்கள் பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட்டில் இன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் அம்மாக்களில் பாதிப் பேர், சின்ன வயதில் அவள் தட்டில் வைத்த மசித்த உருளைக்கிழங்கைத் தின்றவர்கள். கடைத்தெருவில் அவளைக் கண்டால் இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள். பட்டாணியை மிச்சம் வைத்துவிட்டு அவள் கண்ணுக்குத் தப்பியவர்கள் யாருமில்லை.

அவள் புருஷன் ட்ரெவர் ஒரு மீன் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் பணம் கட்டி விளையாடும் பிங்கோ ஹாலுக்குப் போவார்கள். ஜெயித்தால் வழியில் சிப்ஸ், தோற்றால் வீட்டில் டோஸ்ட். பிறகு ஹாலை மூடி அங்கே கார்ப்பெட் கடை வந்தது. ட்ரெவர் எங்கிருந்தோ ஃபோனில் விளையாடும் கசினோ ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஃபோன், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கு ஐந்து பவுண்டு. அதற்கு மேல் போட முடியாதபடி லொரைனே வரம்பு வைத்திருந்தாள். பெரும்பாலும் தோற்பார்கள். தோற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டே தேநீர் குடிப்பார்கள்.

அறுபத்து மூன்றாவது வயதில், மீன் பெட்டியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ட்ரெவர் அப்படியே உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அது இரண்டு பிப்ரவரிக்கு முன்னால். ஒரு வாரம் கழித்து லொரைன் வேலைக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஐந்து பவுண்டையும் அவள் விடவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து, தட்டெல்லாம் கழுவி அடுக்கிய பிறகு, மாவு மூட்டை மேல் உட்கார்ந்து பத்து நிமிடம் விளையாடுவாள்.

"போனஸ் குடுக்கிறாங்க, வேணாம்ங்கிறியே" என்பாள் மேண்டி. எங்களோடு புட்டிங் பகுதியைப் பார்ப்பவள்.

"நீ அடியில இருக்கிறதைப் படிச்சியா? அவங்க தர்ற பத்து பவுண்டை வெச்சு மொத்தம் நூறு பவுண்டுக்கு ஆடி முடிச்சாத்தான் வெளிய எடுக்க முடியுமாம். இது அன்பளிப்பா, ஓவர்டைமா?"

"எழுத்து அவ்வளவு பொடிசா இருக்கு, நான் எங்க படிக்கிறது?"

"பொடிசா இருந்தாத்தான் படிக்கணும் கண்ணு."

போனஸ் கட்டத்தில் அவள் ஒருநாளும் டிக் போட்டதில்லை. அதனால்தான், ஒரு மே மாதத்து வெள்ளிக்கிழமை, திரையில் மூன்று செர்ரிப்பழம் வரிசையாக நின்று நானூற்று அறுபது பவுண்டு விழுந்தபோது, அத்தனையும் எந்தக் கட்டுமில்லாத அவள் சொந்தப் பணமாக இருந்தது. நாங்கள் மூவரும் குதித்த குதியில் அலமாரியிலிருந்து கோகோ டப்பா உருண்டு விழுந்தது.

"வாஷிங் மெஷின்!" என்றாள் லொரைன்.

அவள் மெஷின் ஈஸ்டரோடு செத்துப்போயிருந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் அவளையும் அழுக்கு மூட்டையையும் காரில் ஏற்றி ஹிலரி வீட்டில் கொண்டுபோய் விடுவேன். ஹிலரி, ட்ரெவரின் அக்கா. நாக்கில் வினிகர் ஊற்றிக்கொண்டு பிறந்தவள்.

பணத்தை எடுக்கும் பட்டனை லொரைன் அழுத்தினாள். அங்கேதான் நின்றது. அந்தக் கணக்கில் சேரும்போது வாக்காளர் பட்டியலைப் பார்த்து அவர்களே சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் போன மாதம் அவள் பழைய கார்டு காலாவதியாகிப் புது கார்டு போட்டிருந்தாள். புது கார்டுக்குப் பெரிய தொகை போகிறதென்றால், ஆள் யாரென்று ஒரு படம் போட்ட அட்டையும், எங்கே இருக்கிறாளென்று தபாலில் வந்த ஒரு பில்லும் வேண்டுமாம். டிரைவிங் லைசென்ஸை அனுப்பினாள். அது ஆளுக்குச் சரி. அதையே விலாசத்துக்கும் காட்ட முடியாது. வங்கிக் கிளையை மூடி வெகுநாளாகிவிட்டது, கணக்கு விவரமெல்லாம் ஃபோனில்தான் வரும்; ஃபோன் திரையைப் படமெடுத்து அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேஸ் பில்லைப் படமெடுத்து அனுப்பினாள்.

திங்கட்கிழமை, கேரட் நறுக்கும் நேரத்தில், ஃபோனில் பதில் எழுத்துகள் வந்தன. கசினோவிலிருந்து டாமினிக் என்று ஒருவன்.

"வணக்கம் லொரைன்! பில்லுல இருக்கிற பேரு உங்க பேரோட ஒத்துப்போகல."

"அது என் புருஷன் பேரு" என்று அவள் தட்டினாள்.

"கவலைப்படாதீங்க. உங்க கணவர் கேஸ் கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டு, உங்க பேரையும் சேர்க்கச் சொன்னா போதும்."

லொரைன் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கையைத்தான். பிறகு தட்டினாள்: "அவர் வெளிய போயிருக்கார்."

"பரவாயில்ல! முப்பது நாள் டைம் இருக்கு. அவர் வந்ததும் சொல்லுங்க." பின்னாலேயே ஒரு சிரிக்கும் முகம்.

"பாருங்கடி, வந்ததும் சொல்லணுமாம்" என்று ஃபோனை எங்களிடம் நீட்டினாள். மேண்டி சிரிக்கத் தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

கேஸ் மட்டுமில்லை. தண்ணீர், டிவி வைத்திருக்கக் கட்டும் லைசென்ஸ், வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் வரி, எல்லாம் மிஸ்டர் டி. ஹாஸ்லம். கல்யாணமான புதிதில் வீடு எடுத்தபோது அவர் பெயரில் எழுதினார்கள், அப்படியே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான். பணம் கட்டுவது பெண்பிள்ளை, பெயர் ஆண்பிள்ளையுடையது. ட்ரெவருக்குத் தன் வீட்டு கேஸ் மீட்டர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹிலரி வீட்டில், நான் இருக்கும்போதே, எல்லாம் வெளியே வந்தது.

"நானூத்தறுபது பவுண்டு அங்க கிடக்குது, நீ இங்க வந்து என் பவுடரைத் தீர்த்துக்கிட்டு இருக்க."

"பவுடர் நான் வாங்கிட்டு வந்தது."

"அது போன மாசம்." ஹிலரி துணியை மெஷினுக்குள் திணித்தாள். "சாவைப் பதியப் போனப்ப அந்தப் பொம்பளை ஒரு நம்பர் குடுத்தாளே? கவர்மென்ட் ஆபீஸ் அத்தனைக்கும் ஒரே தடவையில சொல்லிடலாம்னு. அதையாவது செஞ்சியா?"

"டிராயர்ல வெச்சேன். அது காலாவதி ஆயிருச்சு."

"லொரைன், அவன் என் தம்பி. நான் மண்ணு போட்டேன். நீயும் போட்ட."

"போட்டேன். அவன் திரும்பி வருவான்னா நான் உட்கார்ந்திருக்கேன்? எனக்கொண்ணும் பைத்தியம் இல்ல. செத்தது எனக்குத் தெரியும். யாருன்னே தெரியாத ஒருத்தர்கிட்ட ஃபோன்ல அதைச் சொல்றதுதான் முடியல. அந்த வாரம் முழுக்க அதையேதான சொன்னேன்? உன்கிட்ட, வேலை செஞ்ச எடத்துல, பார்பர் கடையில. பல் டாக்டர்கிட்டகூட. அவன் பல்லைச் சுத்தம் பண்ண டைம் வாங்கி வெச்சிருந்தான். போதும்னு ஆயிருச்சு ஹிலரி."

ஹிலரி மெஷின் கதவைச் சாத்தினாள். அது சுற்றத் தொடங்கியது.

"நான் வேணா பேசட்டுமா?" குரல் இறங்கியிருந்தது.

"உன்கிட்ட பேசமாட்டாங்க. கணக்கு உன் பேர்ல இல்ல."

"உன் பேர்லயும்தான் இல்லையேடி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹிலரி சிரித்து நான் பார்த்தது குறைவு. சிரிக்கும்போது அவள் முகம் அப்படியே ட்ரெவர் முகம். லொரைன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படியும் அவள் ஃபோன் செய்யவில்லை. எடுக்க முடியாமல் திரும்பி வந்த பணம் கணக்கிலேயே கிடந்தது. கசினோவிலிருந்து தினமும் ஒரு தகவல்: காத்திருக்கும் நேரத்தில் விளையாடுங்களேன், இலவசமாக இருபது சுற்று தருகிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மாவு மூட்டை மேல் பத்து நிமிடத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இருபது பவுண்டு போச்சு. உள்ள போடுறதுக்குத்தான் வரம்பு வெச்சிருந்தேன். உள்ளயே கிடக்கிறதுக்கு வரம்பு இல்ல."

"இப்படியே விட்டா மொத்தமும் அதுக்குள்ளயே கரையும்" என்றாள் மேண்டி.

"தெரியும்டி. எங்க ஆளு இருந்தா ஃபோனைப் பிடுங்கியிருப்பான்."

திங்கட்கிழமை மதியம், கடைசித் தட்டு போன பிறகு, அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கேஸ் கம்பெனியின் எண்ணைத் தட்டினாள். ஃபோனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "போகாதீங்க. இங்கயே இருங்க. ஆனா என்னைப் பார்க்காதீங்க" என்றாள். நானும் மேண்டியும் ஏற்கெனவே சுத்தமாயிருந்த அடுப்பைத் தேய்த்தோம். வெகுநேரம் ஏதோ பியானோ இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல்.

"கணக்கு வெச்சிருக்கிறவர் நீங்களா?"

"இல்ல. என் புருஷன்."

"அவர் பக்கத்துல இருக்காரா? உங்ககிட்ட பேசலாம்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"முடியாது."

"அவருக்கு வசதியான நேரத்துல நாங்களே கூப்பிடட்டுமா?"

அடுப்பில் என் கை நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் அந்தப் பெண் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அவர் செத்துட்டார்" என்றாள் லொரைன். பிள்ளைகளைப் பார்த்து வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லும் அதே குரல்.

கீபோர்டு சத்தம் நின்றது. "ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்குங்க. எப்ப நடந்தது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

இதற்கு என்ன சொல்வதென்று அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த தாளில் எழுதியிருக்காதுபோல. "ஒரு நிமிஷம் கண்ணு" என்றாள். துக்க விஷயங்களைப் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறதாம், அங்கே மாற்றிவிட்டாள்.

அங்கே பேசிய ஆள் வேல்ஸ்காரன், மெதுவாகப் பேசினான். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. அதைக் கேட்பான் என்றுதான் லொரைன் இத்தனை நாள் பயந்திருந்தாள் என்பது, அவள் தோள் தானாக இறங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மீட்டர் எண், பிறந்த தேதி எல்லாம் எழுதிக்கொண்டான்.

"கடைசியா ஒண்ணு. இனிமே பில்லுல எப்படிப் போடட்டும்? மிசஸ்ஸா, மிஸ்ஸா, இல்ல சும்மா பேரு மட்டுமா?"

"மிசஸ்" என்றாள் லொரைன். "அதுல ஒண்ணும் மாத்தமில்ல."

"சரிங்க மிசஸ் ஹாஸ்லம். அப்படியே போட்டுடறேன்."

ஃபோனை வைத்ததும் அவள் குளிர்சாதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேண்டி பின்னால் போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் லொரைன் ஒரு கட்டி வெண்ணெயுடன் வெளியே வந்தாள். அன்றைக்கு வெண்ணெய்க்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை.

முதலில் வந்தது பழைய கணக்கை முடித்து வைக்கும் கடிதம். 'மறைந்த திரு டி. ஹாஸ்லம்' என்று உறைமேல் அச்சடித்திருந்தார்கள். தபால்காரன் அதை கதவிலுள்ள தபால் துளை வழியாகப் போடாமல் கதவைத் தட்டிக் கையில் கொடுத்தானாம். அதற்கடுத்த வாரம் புது பில். மிசஸ் எல். ஹாஸ்லம். அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். நான்கு மூலையும் தெரியவேண்டும், நிழல் விழக்கூடாது என்று கசினோக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மேண்டி விளக்கைத் தூக்கிப் பிடிக்க, நான் ஓரங்களை அழுத்திக்கொள்ள, அவள் படமெடுத்தாள். என் கட்டைவிரல் விழுந்துவிட்டதென்று திரும்ப எடுத்தாள்.

மறுநாள் டாமினிக்கிடமிருந்து பதில்: "அருமை லொரைன், எல்லாம் சரியா இருக்கு! உங்க கணவர் வந்து உதவினது சந்தோஷம்."

லொரைன் அதை இரண்டு தடவை படித்தாள். விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. ஒற்றை விரலால், பொறுமையாக, இப்படித் தட்டினாள்: "அவர் இறந்துட்டார் தம்பி. நான்தான் பேசினேன்."

ஃபோனை மேசைமேல் வைத்தாள். பிறகு, "மன்னிச்சிடுங்க மிசஸ் ஹாஸ்லம். எனக்குத் தெரியாது" என்று வந்தது. இந்தத் தடவை சிரிக்கும் முகம் இல்லை.

"உனக்கெப்படித் தெரியும் கண்ணு" என்று அவள் ஃபோனைப் பார்த்து வாயால் சொன்னாள்.

நானூற்று நாற்பது பவுண்டு கார்டுக்கு வந்து சேர்ந்தது. கணக்கை மூடவில்லை. மூடிவிடு என்று ஹிலரி சண்டை போட்டாள், அவள் கேட்கவில்லை. ஆனால் இன்னொரு வரம்பு வைத்துக்கொண்டாள்: எது விழுந்தாலும் அன்றைக்கே வெளியே. வாஷிங் மெஷின் ஒரு புதன்கிழமை வந்து இறங்கியது. அது சுற்றும்போது வீடே ஆடுகிறதென்று குறை சொன்னாள்.

அதற்கப்புறம் தண்ணீர்க் கம்பெனிக்குப் பேசினாள். யாரும் கேட்காமல், அவளாகவே. பிறகு டிவி லைசென்ஸ். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் கொஞ்சம் சுருங்கியது. மூன்றாவது தடவை பேசிக்கொண்டே முட்டை உரித்தாள்.

கவுன்சில் வரிக்குப் பேசிய அன்று கஸ்டர்டு நாள். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் கரண்டி. அந்தப் பக்கம் யாரோ சின்னப் பெண், கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இப்ப அந்த வீட்டுல பெரியவங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

கரண்டி நின்றது. இப்படி ஒரு கேள்வி வருமென்று அவள் நினைத்திருக்கவில்லை. நாங்களும் நினைத்திருக்கவில்லை. மேண்டி தட்டை வைத்துவிட்டு அவள் பக்கம் போய் நின்றாள்.

"ஒருத்திதான்" என்றாள் லொரைன். "நான் மட்டும்."

"சரிங்க. தனியா இருக்கிறவங்களுக்கு வரியில நாலுல ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. அதைப் போட்டு அனுப்பிடறோம்."

"அனுப்புங்க" என்றாள். ஃபோனை ஏப்ரன் பைக்குள் போட்டாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கத்தினாள்:

"என்னடி ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கிறீங்க? கஸ்டர்டு அடிபிடிக்குது, மூக்கு இல்லையா உங்களுக்கு?"