கூலி வேண்டாமென்ற மண்டோர்

மண்டோர் வேலுவை ஏமாளி என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நம்பியவன் ஏமாளி இல்லை; நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன்தான் அயோக்கியன். அந்த அயோக்கியன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் பிழைத்த ஜார்ஜ்டவுனில், கடலோரமாக இருந்த பொதுப் பூந்தோட்டத்துக்கு வேலுதான் மண்டோர், அதாவது மேஸ்திரி. புல் வெட்ட, பாத்தி கட்ட, கூட்டிப் பெருக்க அவருக்குக் கீழே ஆறு பேர். வருடப் பிறப்பன்று அங்கே விளையாட்டு விழா நடக்கும். வழுக்குமரம், சாக்கு ஓட்டம், கூட்டமாக ஆடிப் பாடும் போரியா பாட்டு என்று ஊரே திரண்டு வரும். மறுநாள் புல்தரை மாடு மேய்ந்த வயல் மாதிரி கிடக்கும். வேலு ஒரு மாதம் முணுமுணுப்பார். ஆனால் விழாவை நிறுத்தலாமென்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்.

1931இல் ரப்பர் விலை படுத்தது. தோட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை மேலிடம் வெட்டியது. தோட்டத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை ஆறு பேரையும் நிறுத்திவிட்டு வேலுவை மட்டும் வைத்துக்கொண்டார். வேலையில்லாத தமிழர்களை நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆறு பேரில் ஒருவரான ராமசாமிக்கு இங்கேதான் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். ஊரில் அவருக்கு வீடும் கிடையாது, ஆளும் கிடையாது.

அப்போதுதான் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி பெஞ்சமின் வேலுவின் வீட்டுக்கு வந்தார். புதிதாக வந்தவரில்லை. அவர் மனைவி அமலம்மாளுக்குப் பிரசவம் பார்த்ததே வேலுவின் மனைவி ருக்குமணிதான்.

“விழா நல்லா நடந்துட்டா தொரை மனசு எறங்கிடும் லா. பழைய ஆளுங்களக் கூட்டிட்டு வாங்கண்ணே. சும்மா செய்யுங்கன்னா வரமாட்டாங்க. தண்ணிமலை முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லுங்க. வேலை திரும்பக் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டுச் செய்யட்டும்.”

“நீங்க வேதக்காரரு. எங்க முருகன் மேல இவ்ளோ நம்பிக்கையா?” என்று வேலு சிரித்தார்.

“வேண்டுதல் எல்லாருக்கும் ஒண்ணுதானேண்ணே. தொரைகிட்ட நான் பேசறேன்.”

ஆறு பேரும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கறி மீன் தொடாமல் புல் வெட்டினார்கள், பந்தல் போட்டார்கள். வழுக்குமரத்துக்கு மாட்டுக் கொழுப்புப் பூச மட்டும் விரதக்காரர்கள் மாட்டோம் என்றார்கள். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அப்துல் அஜீஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைப் பூசிக் கொடுத்தார்.

விழா அமர்க்களப்பட்டது. துரைக்குக் குஷி. ஆட்களுக்குக் கூலி கொடுக்கச் சொன்னார். வேண்டுதலுக்குக் கூலி வாங்கினால் அது என்ன வேண்டுதல்? வேலு கும்பிட்டார்.

“காசு வேணாம்னு சொல்லுங்க கிராணி. வாங்கினா வேண்டுதல் பலிக்காது. இவங்கள மறுபடி வேலைக்கு எடுத்தாப் போதும்னு சொல்லுங்க.”

பெஞ்சமின் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை வேலுவின் தோளைத் தட்டினார். வேலை கிடைத்துவிட்டதென்றே நினைத்து ஆறு பேரும் காப்பை அவிழ்த்தார்கள்.

பக்கத்தில் நின்ற அப்துல் அஜீஸ் கப்பலில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் புரியும். வேலுவைத் தனியே இழுத்தார். “அண்ணே, அவன் பாதியத்தான் சொன்னான். இவங்க சாமிக்காக வருசா வருசம் சும்மாவே செய்வாங்க, கூலிக்கு ஆளே வேணாம்னு சொல்லிட்டான்.”

“வாயக் கழுவுங்க பாய்! அவரு புள்ள என் வீட்டுக்காரி கையில பொறந்தது,” என்று வேலு கத்தினார்.

அந்த மாதமே வேலுவுக்கும் சீட்டுக் கிழிந்தது. செலவைக் குறைத்த கெட்டிக்காரர் என்று பெஞ்சமின் தோட்டங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஆனார். மற்ற ஐவரைப் போலவே ராமசாமியும் குடும்பத்தோடு கப்பலேறினார். துறைமுகத்தில் வேலு அவர் கையைப் பிடிக்கப் போனார். ராமசாமி கையை இழுத்துக்கொண்டார்.

“காசு வேணாம்னு சொன்னது நீங்கதானே மண்டோரே.”

அந்த ஒரு வார்த்தை வேலுவை உயிரோடு கொன்றது. பெஞ்சமின் செய்த துரோகத்துக்கு வேலு கெட்ட பெயர் வாங்கினார். அதன்பிறகு அவர் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறவேயில்லை.

அடுத்த விழா நெருங்கியபோது வேலு கரிவண்டி தள்ளிப் பிழைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சமின் கூசாமல் வாசலில் வந்து நின்றார்.

“விழா வருதுண்ணே. தொரை உங்களத்தான் கேட்டாரு. ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க, வேண்டுதல்னு சொல்லிக்கலாம்.”

ருக்குமணி துடைப்பத்தை எடுத்தார். வேலு கையமர்த்தினார்.

“என் ஆளுங்க நாகப்பட்டினத்துல எறங்கிட்டாங்க கிராணி,” என்றார். “ஏத்தி விட்டவரு நீங்கதானே? நீங்களே போயி கூட்டிட்டு வாங்க.”