ஆற்றில் ஒரு குதிகால்

பிகால் சதுக்கத்து நீரூற்றைச் சுற்றி வேலைக்குக் காத்து நிற்கும் மாடல் பெண்களில் அர்மாந்தின்தான் மூத்தவள். இருபது வருஷத்தில் இந்தப் பாரிஸ் ஓவியர்கள் அவளை என்னவெல்லாம் ஆக்கிவிட்டார்கள்! முதலில் கிரேக்க தேவதை. மூச்சு விட்டால்கூடத் திட்டுவார்கள். பிறகு பாணி மாறி, உருளைக்கிழங்கு தோண்டுகிற குடியானவள். இப்போது வந்திருப்பவர்களுக்கு அவள் மூக்கும் வேண்டாம், முழியும் வேண்டாம். தொப்பிமேல் விழுகிற வெயில் போதுமாம்.

"அப்ப தொப்பிய மட்டும் அனுப்பிவிடறேன், நான் வீட்ல படுத்துத் தூங்கறேன்" என்பாள்.

அத்தனை படங்களில் ஒன்றுதான் அவளுக்கு உயிர். அவள் மகள் லியோனி பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது, பிரோஸ்பேர் என்ற ஓவியர் பழைய பாணியில் குட்டித் தேவதையாக இறக்கை வைத்து வரைந்த படம். அரசாங்கக் கண்காட்சியில் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். லியோனி மூன்று வயதில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். பாவம், அந்தப் படத்தை விட்டால் பிள்ளையின் உருவம் வேறெங்கும் கிடையாது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று ஐந்து மாடி ஏறி அவர் அறைக்குப் போய், பார்த்துவிட்டு வருவாள்.

இந்த வருஷம் போனால், அந்தச் சட்டத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. படகு, அலை, வெயில்.

"என் பிள்ள எங்கய்யா?"

பிரோஸ்பேருக்கு முகம் செத்துவிட்டது. "படம் வரையப் புதுத் துணி வாங்க வக்கில்ல, அர்மாந்தின். அந்தப் பழைய பாணிய இப்ப யாரு சீந்தறா? அது மேலயே வரஞ்சிட்டேன். நீ வருவேங்கறது புத்தியில இல்லாமப் போச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. படத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

பழைய பாணியென்றால் ஊசி முனை இடம் விடாமல் பூசி மெழுகியிருப்பார். புதுப் பாணியில் தூரிகையை அங்கங்கே ஒற்றி எடுப்பதோடு சரி, நடுநடுவே இடைவெளி. கீழ் மூலையில், இரண்டு நீலத் தீற்றலுக்கு நடுவில், கொஞ்சம் இளஞ்சிவப்பு தெரிந்தது. கணுக்காலில் ஒரு சதை மடிப்பு. லியோனியின் குதிகால்!

"அடடா, அத மறைக்கணும்" என்று அவர் தூரிகையை எடுத்தார். "வசந்தத்துல எங்க ஆளுங்க தனியா கண்காட்சி வைக்கிறோம். ஏற்கெனவே அரைகுறை வேலைன்னு பத்திரிகைக்காரன் கிழிக்கிறான்."

அர்மாந்தின் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஓவியரிடமும் இதை வரை, இதை விடு என்று அவள் சொன்னதே இல்லை.

"உங்களுக்காக மூச்சடக்கி நின்ன நாளுக்கெல்லாம் சேத்துக் கேக்கறேன். அந்த இடத்த மட்டும் விட்ருங்கய்யா."

அவர் தூரிகையைக் கழுவி வைத்தார்.

வசந்தத்தில் கண்காட்சிக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "படத்த முடிக்கவே தெரியலியே இவனுக்கு! தண்ணிக்குள்ள இது என்ன, மீனா?" என்றார் ஒரு கனவான். பிரோஸ்பேர் தலையைக் குனிந்துகொண்டார்.

அர்மாந்தின் நல்ல உடுப்பு உடுத்திப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"எம் மக காலு, துரை. நீங்க சிரிங்க, நல்லா சிரிங்க. அங்க கிச்சுகிச்சு மூட்டினா அவளும் இப்படித்தான் சிரிப்பா."