கறுப்பர்களுக்கான சனிக்கிழமை

இந்த ஊரில் வைத்தியர்கள் இப்போது பூங்காவையும் மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள். பிரஷர் குளிசையைக் கூட்டித் தரச் சொல்லி லண்டன் இல்ஃபோர்ட் கிளினிக்குக்குப் போன என்னை, அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கள் சமூகத்துக்கென்றே சனிக்கிழமைகளில் பூங்காவில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. நடை, மேளம், ஓவியம் எல்லாம் உண்டு" என்றாள். நமது தமிழ்ச் சங்கங்கள் கடைசியில் உருப்படியாக ஏதோ செய்திருக்கின்றன என்று நம்பிப் போனேன். போய்ப் பார்த்தால், மரத்தடியில் வட்டமாக இருந்தவர்கள் எல்லோரும் ஜமைக்கா, கானா, நைஜீரியாக்காரர்கள். கறுப்பினத்தவரின் உடல்நலத்துக்கான நிகழ்ச்சி அது. அந்தப் பெண் என் தோலைப் பார்த்தே எனக்கு ஒரு கண்டத்தை ஒதுக்கிவிட்டிருந்தாள்.

நடத்தியவர் மார்சியா, ஜமைக்காவில் பிறந்த ஓய்வுபெற்ற தாதி. நான் தமிழன், தவறி வந்துவிட்டேன் என்று விளக்கினேன். "பிரஷர் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்படியானால் உட்காருங்கள்" என்று ஒரு மேளத்தை என் பக்கம் தள்ளினார்.

அவருடைய தம்பி தலையிடி என்று போன இடமெல்லாம் பனடோல் குளிசை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்களாம். கடைசியில் மூளையில் இரத்தம் கசிந்து செத்துப்போனான். "எங்கள் ஆட்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு டாக்டரிடம் வரமாட்டார்கள். மேளத்துக்கு வருவார்கள். வந்தால் நான் பிரஷர் பார்ப்பேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

வீட்டில் வசந்திக்கு இது பொறுக்கவில்லை. "இஞ்சருங்கோ, காப்பிலியளோட சேந்து மேளமடிக்கவோ லண்டனுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டாள். என் மனைவியை மட்டும் சொல்லிப் பயனில்லை. குட்மேய்ஸில் வீடு வாங்கிய எம்மவர் முக்கால்வாசிப் பேரின் கேள்வி அது. நாங்கள் அகதிகளாக வந்த புதிதில் எங்களுக்குக் கல்லெறிந்த வெள்ளைக்காரப் பெடியள், கறுப்பர் யார் தமிழர் யார் என்று விசாரித்துவிட்டு எறியவில்லை. நாங்கள்தான் அந்த விசாரணையைப் பிறகு நடத்தி, நமக்கு நாமே வெள்ளையடித்துக்கொண்டோம். ஊரில் பழகியதுதானே. எங்கள் செத்தவீட்டுக்குப் பறையடிக்க வந்தவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தோம். பிணம் போக அவர்களுடைய பறை வேண்டும். நம் கோப்பையில் அவர்களுடைய வாய் படக்கூடாது. சண்டையில் வீடுவாசலை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், இந்தச் சுத்தத்தை மட்டும் கவனமாகக் கட்டிக்கொண்டு வந்தோம்.

எனக்குப் பக்கத்தில் மேளமடித்தவர் க்ளிஃப்டன், முன்னாள் பஸ் சாரதி. மனைவி இறந்தபின் தனியே இருந்தார். ஒரு சனிக்கிழமை அவருடைய இடது கை மேளத்தில் இருந்து வழுகி விழுந்தது. வாய் ஒருபக்கம் கோணியது. மார்சியா அந்தக் கணமே அம்புலன்ஸுக்கு அழைத்தார். நான் க்ளிஃப்டனின் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். நாயோடு நடந்து வந்த ஒரு சீமாட்டி நின்று பார்த்து, "காலையிலேயே குடித்துவிட்டார்களா?" என்றாள். மார்சியா அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. க்ளிஃப்டன் பிழைத்தார். வீட்டில் தனியே விழுந்திருந்தால் அவரைப் பிணமாகத்தான் எடுத்திருப்பார்கள்.

பிறகு ஒரு கவுன்சில் அதிகாரி படம் பிடிக்கிறவரோடு வந்தார். "இந்தக் கலை நிகழ்ச்சியின் பலனை எப்படி அளக்கிறீர்கள்?" என்று மார்சியாவிடம் கேட்டார்.

"ஒரு மனிதர் உயிரோடு படுத்திருக்கிறார். போய் அளந்து பாருங்கள்."

"அருமை, அருமை" என்று தலையாட்டினார் அதிகாரி. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு படம்தான். அதை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்த துண்டுப்பிரசுரத்திலும் இணையத்திலும், 'எங்கள் கறுப்பினச் சமூகம்' என்ற எழுத்துக்குக் கீழே என் முகம் பெரிதாகச் சிரித்தது. சட்டனில் இருக்கிற வசந்தியின் தம்பி உடனே போன் எடுத்தான்.

"அத்தான், உந்தப் படத்தை அகற்றச் சொல்லுங்கோ. என்ர பிள்ளைக்குக் கலியாணம் பேசிற நேரம். ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"நான் கறுப்பன் எண்டு நினைப்பினம்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை. நீயும் ஒருக்கால் கண்ணாடியைப் பார்."

அவன் போனை வைத்துவிட்டான். படத்தை அகற்றும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை.

கோடை முடிவதற்குள் க்ளிஃப்டன் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். இடது கை மட்டும் சொல்வழி கேட்க மறுத்தது. ஒரு கையால் கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் என் மேளத்தை ஒதுக்கிவிட்டு அவரருகே நெருங்கி இருந்தேன். அவருடைய வலது கை அடிக்க, இடக்கையின் அடியை நான் அடித்தேன். முதலில் தாளம் பிசகியது. "நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாய். நான் பஸ்ஸை ஓட்டுகிறேன். மெதுவாக" என்றார். பிறகு பொருந்தி வந்தது.

அப்போது கோயிலுக்குப் போகிற எம்மவர் கூட்டம் ஒன்று பட்டுச் சேலை சரசரக்கப் பூங்காவைக் கடந்தது. தெரிந்தவர்கள் என்னைக் கண்டதும் அவசரமாக மரங்களை ரசிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் வந்த வசந்தி மட்டும் அர்ச்சனைத் தட்டோடு பாதையில் நின்றுவிட்டாள். அவள் எங்களை நோக்கியும் வரவில்லை, அவர்களோடும் போகவில்லை.

"பூசைக்கு நேரமாச்சு. வாறியளோ?"

"ஓம், வாறன்" என்றேன். என் இடது கை க்ளிஃப்டனின் மேளத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.