மைனஸ் முப்பத்தொன்பதில் மின்ஸிஃபா

பேட்டரியைச் சறுக்குப்பலகையில் ஏற்றி, மேலே ஒரு பழைய கம்பளியைப் போர்த்தி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வருகிறாள் மின்ஸிஃபா. ராத்திரி முழுக்க அது வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. டிசம்பர் பிறந்துவிட்டால் அதற்கு அங்கேதான் படுக்கை. அவள் புருஷன் ஃபன்ஸில் ஜன்னலோரக் கட்டிலில் முழங்காலை மடக்கிக் கிடப்பான். "எனக்கும் ரெண்டு ஒயரு மாட்டிக்கிட்டாத்தான் அடுப்புப் பக்கம் எடம் குடுப்பியா?" என்பான். "காலையில ஒரே தடவையில ஸ்டார்ட் ஆவியா நீ? அப்ப வா" என்பாள் இவள்.

வயது ஐம்பத்து மூன்று. ரஷ்யாவில், யூரல் மலையடிவாரத்தில் தாஷ்பூலாக் பண்ணையில் முப்பது வருஷமாக ட்ராக்டர் ஓட்டுகிறாள். குளிர்காலத்தில் ரோட்டுப் பனியைத் தள்ள வேண்டும், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கன்றுக்கொட்டிலுக்குக் காய்ந்த புல் கொண்டுபோக வேண்டும். தெர்மாமீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பாள். மூக்குக்குள் மயிர் ஒட்டிக்கொண்டால் முப்பதுக்குக் கீழே. இருமல் வந்தால் முப்பத்தைந்து. அதற்கும் கீழே போனால் அன்றைக்கு யாரோடும் பேச்சு கிடையாது, வசவுதான்.

ட்ராக்டரை எழுப்ப இரண்டு மணி நேரம் ஆகும். தகரத் தட்டில் கரி நெருப்பை அள்ளி எஞ்சினுக்கு அடியில் தள்ளுவாள், உள்ளே இறுகிக் கிடக்கும் ஆயில் இளகட்டும் என்று. முந்தின சாயந்திரமே வடித்துக் காலியாக்கிய ரேடியேட்டரில் வாளி வாளியாகக் கொதிநீர் ஊற்றுவாள். கீழ்க்குழாயைத் திறந்தே வைத்திருப்பாள். வெளியே வருகிற தண்ணீர் சுடச்சுட வந்தால்தான் குழாயை மூடுவாள். அப்புறம் பேட்டரியை மாட்டி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, ஸ்டார்ட்டரை அழுத்துவாள். அந்தக் கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. அது இல்லாமல் வண்டி கிளம்பாது என்று ஊரே சொல்லும்.

கிளம்பிவிட்டால் பொழுது சாயும்வரை எஞ்சினை நிறுத்த மாட்டாள். சாப்பிடும்போதும் ஓடும், டீ குடிக்கும்போதும் ஓடும், புல் இறக்கும்போதும் ஓடும். நிறுத்தினால் டீசல் குழாய்க்குள்ளேயே உறைந்த நெய் மாதிரி கட்டிவிடும். ரேடியேட்டர் தண்ணீர் பனிக்கட்டியாகி எஞ்சினையே பிளந்துவிடும். இது தாஷ்பூலாக்கில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தெரியாத ஒரே ஆள் பண்ணை மேனேஜர் ரஃப்கத். நகரத்துப் பையன், முப்பத்து நாலு வயசு. வந்த வேகத்தில் ட்ராக்டர்களில் எல்லாம் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தினான். வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடினால் அவன் போனில் சிவப்பு விளக்கு எரியும். உடனே மின்ஸிஃபாவைக் கூப்பிடுவான்.

"அக்கா, வண்டி சும்மா ஓடிட்டிருக்கு."

"சும்மா ஓடல தம்பி. உசுரோட இருக்கு. அதுவே ஒரு வேலைதான்."

"டீசல் வீணாகுதுல்ல?"

"நீ பேசுறதும் வீண்தான். உன்னை யாராச்சும் நிறுத்துனாங்களா?"

போனைத் தூக்கி இருக்கையில் எறிவாள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? கோடையில் மிஞ்சிய டீசலையே மற்ற இரண்டு ட்ராக்டர்களுக்கும் ஊற்றச் சொன்ன புத்திசாலியும் இவன்தான். அது இந்தக் குளிருக்கு ஆகாத டீசல். முதல் கடுங்குளிரிலேயே இரண்டும் கொட்டகையில் படுத்துவிட்டன. மின்ஸிஃபா மட்டும் தன் டாங்கில் அவன் டீசலை ஒரு சொட்டு விடவில்லை. குறுக்கே நின்றுகொண்டாள். ஆக, ஊரில் ஓடுகிற ட்ராக்டர் ஒன்றே ஒன்று.

போன ஜனவரியில் ஒருநாள் மைனஸ் முப்பத்தொன்பது. சாயந்திரத்திலிருந்து மூன்று நாள் பனிப்புயல் என்று ரேடியோ சொல்லிவிட்டது. அக்கரைக் கொட்டிலில் நூற்று நாற்பது கன்றுகள்; மறுநாள் வரைக்கும்தான் புல். இருட்டுவதற்குள் இரண்டு லோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் புயல் ஓய்ந்து ரோடு திறக்கும்போது பாதிக் கன்று இருக்காது.

காலையில் ரோட்டைத் தள்ளிக்கொண்டே போய் முதல் லோடைச் சேர்த்தாள். வண்டியை வெளியே ஓடவிட்டு, கொட்டில்காரி தஸ்கிராவோடு சேர்ந்து புல்லைக் கவைக்கோலால் உள்ளே வாரித் தள்ளினாள். கன்றுகளின் கத்தலும் காற்றின் ஊளையும் காதை அடைத்தன. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். ட்ராக்டர் சத்தம் இல்லை.

அவள் திறந்துவிட்ட ரோட்டிலேயே காரில் வந்து இறங்கியிருந்தான் ரஃப்கத். கொட்டிலை ஒட்டியிருந்த தஸ்கிராவின் குடிசைக்குள் அடுப்போரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குதுக்கா. அதான் வந்த உடனே நானே நிறுத்திட்டேன்" என்றான்.

மின்ஸிஃபா வெளியே ஓடினாள். ட்ராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கீழ்க்குழாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினாள், குத்திக்கொண்டே இருந்தாள். பனித்துகளும் தண்ணீருமாகக் கொட்டத் தொடங்கியதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. எஞ்சின் பிளக்கவில்லை. ஆனால் செத்துக் கிடந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஒரு முனகல், அவ்வளவுதான்.

எழுந்தபோது அவள் கண்ணில் பட்டது ரஃப்கத்தின் கார். கொட்டில் வாசலில், ஆளில்லாமல், புகை விட்டுக்கொண்டு நின்றது.

"அது ஏன்டா ஓடிட்டு நிக்குது?" பின்னாலேயே வந்து நின்ற ரஃப்கத்திடம் கேட்டாள்.

"எது?"

"உன் காரு."

ரஃப்கத் காரைப் பார்த்தான். "இந்தக் குளிர்ல அணைச்சா மறுபடி எடுக்காதேக்கா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

தஸ்கிரா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மின்ஸிஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் காருக்குத் தெரியுற குளிரு என் வண்டிக்குத் தெரியாதாடா? இந்த வாயில்லாச் சீவனுங்க நாளன்னைக்கு என்னத்தைத் தின்னும்? உன் போனையா? அதுல லைட்டு எரிஞ்சா வயிறு ரொம்பிருமா? படிச்சவனாம்! போய்ப் பனியை அள்ளிட்டு வா. வாளி அங்க இருக்கு. நின்னு முழிக்காத, போ!"

போனான். கன்றுகளுக்குப் பால் ஊட்டும் வாளிகளில் பனியை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தான். இரண்டு மணி நேரம் மூன்று பேரும் அடுப்புக்கும் ட்ராக்டருக்குமாக ஓடினார்கள். எஞ்சினுக்கு அடியில் கரித்தணல். டீசல் குழாய்மேல் கொதிநீரில் நனைத்த துணி. எஞ்சின்மேல் சாக்குகள், தஸ்கிராவின் மெத்தை, அவள் பஞ்சுப் போர்வை, கதவில் தொங்கிய கம்பளி எல்லாம். பேட்டரி மட்டும் மறுபடி அடுப்போரம் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் முன்பக்கத்து வலை வழியாகக் காற்று புகுந்து, ஏற்றுகிற சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதை அடைக்க ஒரு துணி மிச்சமில்லை.

மின்ஸிஃபா திரும்பி ரஃப்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் தொங்கும் ஆட்டுத்தோல் கோட்டு, உள்ளே வெள்ளை வெளேரென்று ரோமம்.

"கழட்டு."

"அக்கா, இது கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் குடுத்தது..."

"உன் மாமனாரை நான் கழட்டச் சொல்லல. கோட்டைக் கழட்டு. நீ போய் உன் கார்ல உக்காரு. அதான் சும்மா ஓடிட்டிருக்குல்ல!"

கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்வெட்டரோடு காருக்கு ஓடினான். அவள் கோட்டை ட்ராக்டரின் முகத்தில் போர்த்தி, பொத்தான் போட்டு, அதன் இரண்டு கைகளையும் மேலே இழுத்து எஞ்சின் மூடிமேல் முடிச்சுப் போட்டாள்.

மூன்றாவது தடவை அழுத்தியபோது எஞ்சின் இருமியது. கரும்புகை கக்கியது. ஒருமுறை சாகப் பார்த்து, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. தஸ்கிரா கொட்டில் சுவரில் சாய்ந்து அழுதாள். மணி ஒன்று. இன்னொரு லோடுக்கு வெளிச்சம் போதும்.

மின்ஸிஃபா சாக்குகளையும் மெத்தையையும் உருவி எறிந்துவிட்டு ஏறப்போனாள். ரஃப்கத் காரை விட்டு இறங்கி, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா... கோட்டு?"

அவள் பாதி ஏறியவள் இறங்கினாள். வண்டியின் முன்னால் வந்து நின்று கோட்டைப் பார்த்தாள். கரி அப்பிக்கிடந்தது. கீழ்ப்பொத்தான் கழன்று, காற்றில் ஓரம் படபடத்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, வெறும் விரலால் அந்தப் பொத்தானை மாட்டினாள். பள்ளிக்கூடம் அனுப்புகிற பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் கழுத்துவரைக்கும் ஒவ்வொரு பொத்தானாகச் சரிபார்த்தாள். காலரைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு ஏறி உட்கார்ந்து, இரண்டாவது லோடுக்கு வண்டியைத் திருப்பினாள்.